திறக்காத ஊரும் திறந்த டைரியும்

சொந்தமாக ஓர் ஊரைக் கட்டி முடித்துவிட்டு, அந்த ஊருக்குள் நுழைய முடியாமல் நான்கு பேர் முன்னால் கையில் மர ஸ்கேலுடன் நின்றவன் நான். இது நடந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. எங்கள் வீட்டில் இந்தக் கதை சொல்லப்படாத பண்டிகை கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். நேரங்கள் தப்பாக வருகின்றன. அன்றைக்கு வராத ஆட்களையெல்லாம் வந்ததாகச் சேர்த்துவிடுகிறார்கள். அவமானம் என்னுடையது என்பதால் அதைச் சரியான நேரங்களோடு பதிவு செய்யும் கடமையும் என்னுடையதே என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் சூளைப் பதிவேடு எழுதுவது என் வேலை. பீஸ் கட்டை செய்கிற பட்டறை. (வீட்டு மின்சாரப் பெட்டியில் வெள்ளையாக இருக்குமே, கரண்டு போனால் பிடுங்கிப் பார்ப்போமே, அதுதான்.) சூளை எரிகிற நேரம் முழுக்க அரை மணிக்கு ஒரு தடவை சூட்டைப் பார்த்து எழுத வேண்டும். இருபத்தாறு வருடமாக எழுதுகிறேன். அந்தப் பழக்கம் என் பின்னாலேயே வீட்டுக்கும் வந்துவிட்டது. தினமும் டைரி எழுதுவேன். குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, கரண்டு எத்தனை நிமிடம் போனது, யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்று எல்லாம் இருக்கும். ஒவ்வொரு டைரியின் கடைசிப் பக்கங்களிலும் அகர வரிசையில் பொருளடக்கம் போடுவேன். 'கொசுவலை, கிழிந்தது: பக்கம் 112.' 'சிலிண்டர் மாற்றியது: பக்கம் 9, 64, 121.' டைரிக்கு எவனாவது பொருளடக்கம் போடுவானா என்று நீங்கள் கேட்கலாம். கல்யாணமான புதிதில் என் மனைவி செல்வியும் கேட்டாள். பிறகு சிலிண்டர் மாற்றிய தேதியை என்னிடம் கேட்க ஆரம்பித்ததும் அந்தக் கேள்வியை விட்டுவிட்டாள்.

மகள் யாழினி கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனபோது தன் பழைய லேப்டாப்பை வீட்டில் விட்டுப் போனாள். அதில் எனக்காக ஒரு விளையாட்டையும் வாங்கிப் போட்டிருந்தாள். வெறும் நிலம் கொடுப்பார்கள், நாம் ஊர் கட்ட வேண்டும். "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குதுப்பா. சாக்கடை, தண்ணிக் குழாய், ரோடு எல்லாம் நீங்களே போடலாம். யாரும் குறுக்க பேச மாட்டாங்க" என்றாள்.

ஐம்பதை எட்டப்போகிற ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய ஆசை காட்ட முடியாது. ஒரே வாரத்தில் விழுந்தேன். என் ஊருக்குப் புது முதுகுன்றம் என்று பெயர் வைத்தேன். (பழைய முதுகுன்றம் என்பது விருத்தாசலம்தான், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.) அங்கே பஸ் நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு நிழலிலேயே நடந்து போகலாம். பாலத்தின் மேல் கரும்பு டிராக்டர் பழுதாகி நிற்காது. வீடுகள் எல்லாம் ரோட்டோடு சமமாக, நூல் பிடித்தது போல நிற்கும். தினமும் மாலை பட்டறையிலிருந்து வந்து குளித்துவிட்டு, ஆறு மணிக்கு உட்கார்ந்து மக்கள் தொகையை டைரியில் குறித்துக்கொள்வேன்.

ஒரே ஒரு தொல்லை. அந்த விளையாட்டுக்கு எப்போதும் நெட் வேண்டும். வாங்கும்போது மட்டும் என்றால் புரிந்துகொள்ளலாம். விளையாடும் ஒவ்வொரு நிமிடமும் வேண்டும். நெட் அறுந்தால் ஊர் அப்படியே மறைந்து, 'தொடர்பு இல்லை' என்று ஒரு வரியும், தலையில் மஞ்சள் தொப்பியும் கையில் மண்வெட்டியுமாக இடமும் வலமும் நடக்கிற ஒரு வாத்தும் வரும். நான் யாரோடும் சேர்ந்து விளையாடவில்லை. யாரையும் தோற்கடிக்கவில்லை. என் அறையில், என் நாற்காலியில் உட்கார்ந்து, என் ஊரில் ஒரு குழாய் பதிக்கிறேன். அதற்குக் கடல் கடந்து எங்கோ இருக்கிற ஒரு இயந்திரத்தின் அனுமதி எதற்கு?

யாழினியிடம் போனில் கேட்டேன்.

"அப்பா, உங்க ஊரு அவங்க சர்வர்லதான் இருக்குது."

"அப்போ இந்த லேப்டாப்புல என்னா இருக்குது?"

கொஞ்சம் யோசித்தாள். "ஜன்னல் மாதிரின்னு வச்சுக்குங்களேன். நீங்க எட்டிப் பாக்கலாம்."

அன்று எனக்குத் தூக்கம் கெட்டது. ஆறு மாதமாக ஊர் கட்டியிருக்கிறேன், கிடைத்தது ஒரு ஜன்னல். மறுநாள் பட்டறையில் கம்மாபுரத்து ராமலிங்கத்திடம் சொல்லிப் புலம்பினேன். சூளையில் என்னோடு வேலை செய்கிறவன். அவன் குடும்பத்து நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. அவன் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னான்: "எங்ககிட்ட பட்டா இருந்துச்சு. அதையே குடுத்துட்டு வந்துட்டோம். உன்கிட்ட பட்டாவும் இல்ல, பத்திரமும் இல்ல. நீ ஏன்பா பொலம்புற?"

நான் சும்மா இருக்கவில்லை. 'தொடர்பு அறுந்தவை' என்று டைரியில் தனிப் பக்கம் ஒதுக்கினேன். ஒரே மாதத்தில் இருபத்தேழு தடவை. தேதி, நேரம், அறுந்தபோது நான் செய்துகொண்டிருந்த வேலை உட்பட. ('மாலை 6.42. ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்தேன். நோயாளிகள் நிலை தெரியவில்லை.') இதையெல்லாம் தொகுத்து, யாழினியின் உதவியோடு ஆங்கிலத்தில் நான்கு பக்கக் கடிதம் எழுதி அந்தக் கம்பெனிக்கு அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. உங்கள் நெட் பெட்டியை ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் எஸ்தர் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீடு அவருடையது. தையல்காரர். முன் அறையில் நான்கு மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறார். தெருவிலேயே தாழ்வான வீடு அதுதான். ஐந்து வருடமாக ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மழை பிடித்ததும் நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, மெஷின்களைச் செங்கல் மேல் தூக்கி வைத்துவிட்டு வருவேன். அப்படியும் இரண்டு மெஷினின் மோட்டார் போய்விட்டது. அந்த வருட மழை முடிந்ததும் அக்கா ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"தம்பி, இன்னொரு வாட்டி தண்ணி உள்ள வந்துச்சுன்னா வூட்டப் பூட்டிக்கினு மங்களூர்ல தங்கச்சிகிட்டப் போயிடுவேன். அங்க போயி சும்மா உக்காந்து சாப்புடணும், வேற என்னா. அம்பத்தஞ்சு வயசுல புதுசா எந்தப் பள்ளிக்கூடம் எனக்கு ஆர்டர் குடுக்கும்?"

நகராட்சியிலிருந்து ஆட்கள் ஏற்கனவே இரண்டு தடவை வந்து பார்த்திருந்தார்கள். காய்ந்த தெருவில் நின்று பார்த்தால் எந்தத் தெருவும் நல்ல தெருதான். மழை பெய்யும்போது யாரும் வருவதில்லை, வருகிறபோது மழை பெய்வதில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் விளையாட்டில் மழையைக் கூட்டலாம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். எங்கள் தெருவையே புது முதுகுன்றத்தில் கட்டிக் காட்டினால் என்ன?

கட்டினேன். தெருவின் நீளம், அகலம், மேடு, பள்ளம் எல்லாவற்றையும் அடி வைத்து அளந்து மூன்று வாரத்தில் கட்டினேன். மழையை விட்டேன். தண்ணீர் அழகாக எஸ்தர் அக்கா வீட்டுக்குள் போனது. அவர் வீட்டு ஓரமாக, அதாவது தெற்குப் பக்கம், ஒரு புதுச் சாக்கடை போட்டேன். தண்ணீர் அதில் இறங்கி, தெருக்கோடியில் ஆற்றுக்குப் போகிற வாய்க்காலில் சேர்ந்தது. அக்கா வீடு காய்ந்து நின்றது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

வார்டு கவுன்சிலர் நல்ல மனிதர். நான் விடாமல் நடந்ததில் மனமிரங்கி, புதிதாக வந்திருந்த நகராட்சி இன்ஜினியரைத் தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு என் வீட்டுக்கே அழைத்து வருவதாகச் சொன்னார். "இந்த மாசத்து லிஸ்டுல ஏறலன்னா அடுத்த மழைக்குள்ள வேல நடக்காது சார். பாத்துப் பக்குவமா சொல்லுங்க" என்றார். எஸ்தர் அக்காவிடம் சொன்னேன். அவர் என் சட்டையைப் பார்த்து, "அன்னிக்கி இத போடாதீங்க தம்பி, காலர் கிழிஞ்சிருக்குது. கழட்டிக் குடுங்க" என்று வாங்கித் தைத்துக் கொடுத்தார்.

நான் நிகழ்ச்சி நிரல் தயாரித்தேன். 11.00 வரவேற்பு. 11.05 டீ. 11.10 ஊர் திறப்பு. 11.15 மழை. 11.25 எஸ்தர் அக்கா வீட்டில் தண்ணீர். 11.30 சாக்கடை. 11.35 கேள்விகள். லேப்டாப்பை டிவியோடு இணைத்தேன். சுட்டிக்காட்ட யாழினியின் பள்ளிக்கூடத்து மர ஸ்கேலைத் தேடி எடுத்தேன். முந்தின மூன்று நாட்களும் சரியாகப் பதினொரு மணிக்கு ஒத்திகை பார்த்தேன். மூன்று நாளும் ஒரு தடங்கலும் இல்லை.

வியாழக்கிழமை 10.35க்கு நெட் போனது.

கேபிள்காரருக்குப் போன் போட்டேன். "கரும்பு லோடு சார். பெண்ணாடம் மில்லுக்குப் போற டிராக்டரு, மெயின் ரோட்டுல ஒயர மாட்டி இழுத்துக்கினு போயிடுச்சு. நாலு தெருவுக்கு இல்ல."

"எப்போ வரும்?"

"டிராக்டரா சார், நெட்டா?"

"நெட்டு!"

"சாயங்காலம் ஆவும்."

செல்வி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உங்க ஊரா இருந்தா டிராக்டரு இப்புடிலாம் பண்ணாதுல்ல?" என்றாள்.

11.05க்கு வந்துவிட்டார்கள். இன்ஜினியர் முப்பது வயதுகூட ஆகாத பெண். கையில் ஒரு அட்டை, அதில் கிளிப் போட்ட பழைய வரைபடம், தோளில் அளவு டேப். கூடவே கவுன்சிலர். எஸ்தர் அக்கா கழுத்தில் தையல் டேப்போடு கதவோரம் நின்றார். செல்வி டீ கொடுத்தாள். அதுவரை நிரலில் ஐந்து நிமிடம்தான் தாமதம்.

என் போனிலிருந்து நெட்டை லேப்டாப்புக்கு விட்டேன். எங்கள் கூடத்தில் சிக்னல் வருகிற இடம் ஜன்னலின் மேல் கம்பி மட்டும்தான். ஸ்டூல் போட்டு ஏறி, போனைக் கம்பியில் ரப்பர் பேண்டால் கட்டிவிட்டு இறங்கினேன். 11.19க்குத் தொடர்பு கிடைத்தது. நான் கைகளைத் துடைத்துக்கொண்டு, "மேடம், இப்போது நீங்கள் பார்க்கப்போவது நம் தெரு" என்றேன்.

டிவியில் வாத்து வந்தது.

கீழே ஒரு அறிவிப்பு. புதிய பதிப்பு வந்திருக்கிறது. அதை முழுவதும் இறக்கிக்கொண்ட பிறகே ஊருக்குள் போக முடியும். ஒரு சதவீதம் முடிந்திருக்கிறது. (அந்தப் பதிப்பில் அப்படி என்ன இருந்தது என்று பிறகு படித்துப் பார்த்தேன். ஆறு புதுவகைப் பூந்தொட்டிகள்.)

"சார், இது கேமா?" என்றார் இன்ஜினியர்.

"திட்டமிடல் கருவி, மேடம்."

வாத்து டிவியின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நடந்தது.

"ஆளு வேல செய்யுறாரு பாருங்க மேடம். இன்னிக்கி நம்ம தெருவுல வேல செய்யுற ஒரே ஆளு" என்றார் கவுன்சிலர்.

11.31க்கு ஒன்பது சதவீதம். அதோடு என் போனின் அன்றைய டேட்டா தீர்ந்தது. கவுன்சிலர் பெருந்தன்மையோடு தன் போனைக் கொடுத்தார். நான் மறுபடி ஸ்டூலில் ஏறிக் கட்டினேன். பத்தொன்பது சதவீதத்தில் அவருடைய டேட்டாவும் தீர்ந்தது. "எனக்கே மெசேஜ் வருதே சார், தீந்துடுச்சுன்னு. காலையிலேருந்து நான் ஒண்ணுமே பாக்கலியே" என்று அவர் வருத்தப்பட்டார். செல்வி போனில் டேட்டாவே போட்டிருக்கவில்லை. எஸ்தர் அக்கா தன் பட்டன் போனை நீட்டி, "இது ஆவுமா தம்பி?" என்றார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். வெளியே தெரு இருந்தது. கதவைத் திறந்தால் போதும், யார் அனுமதியும் இல்லாமல் எல்லோரையும் அழைத்துப் போய்க் காட்டியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய் நின்றேன்.

"மேடம், மனதில் கற்பனை செய்துகொள்ளுங்கள். இது மேற்கு. இது கிழக்கு. இதோ, இந்த வாத்து நிற்கிற இடம்தான் எஸ்தர் அக்கா வீடு."

வாத்து நகர்ந்தது. நானும் ஸ்கேலோடு நகர்ந்தேன்.

"தம்பி, என் வூடு ஓடுது" என்றார் அக்கா.

"இங்கேதான் மழை பெய்யும்போது..."

"இந்த ஊருல எனக்கு ஓட்டு இருக்குதா சார்?" என்றார் கவுன்சிலர்.

இன்ஜினியர் மட்டும் சிரிக்கவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சார், அது திறக்கிறப்ப திறக்கட்டும். தண்ணி எப்பப்ப வந்துச்சு, எவ்ளோ ஒசரம் வந்துச்சுன்னு பேப்பர்ல ஏதாவது குறிப்பு இருக்குதா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி முந்திக்கொண்டாள். அவளுக்கு அதில் பெருமை. "இருக்குதாவா? எல்லாத்தையும் எழுதி வச்சிருக்காரு மேடம். எங்க வூட்டுல குழம்பு தீஞ்சாகூட எழுதிடுவாரு" என்று சொல்லிக்கொண்டே பீரோவைத் திறந்து ஏழு வருட டைரிகளை அள்ளிக்கொண்டு வந்து டீப்பாய் மேல் வைத்தாள். நெட் இல்லாமல் திறக்கக்கூடியதாக அன்று எங்கள் கூடத்தில் இருந்தவை அவை மட்டும்தான்.

இன்ஜினியர் ஒன்றை எடுத்தார். கடைசிப் பக்கங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "சார், நீங்க இன்டெக்ஸ் போட்டிருக்கீங்க!" அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. நான் அடக்கத்தோடு தலையசைத்தேன்.

அவர் 'எஸ்தர் அக்கா வீடு, தண்ணீர்' என்ற தலைப்பைப் பிடித்தார். பக்கத்தைப் புரட்டி உரக்கப் படித்தார். "'கனமழை. எஸ்தர் அக்கா வீட்டில் தண்ணீர். கணுக்காலுக்கு மேல் ஐந்து விரற்கடை. நான்கு மெஷின்களையும் தூக்கி வைத்தேன். காரணம் தெரியவில்லை.'" அதற்கு முந்தைய வருடம். "'முழங்காலுக்குக் கீழ் நான்கு விரற்கடை. காரணம் தெரியவில்லை.'" அதற்கும் முந்தையது. "'காரணம் தெரியவில்லை.'" இப்படியே பின்னால் போய், யாழினி பத்தாம் வகுப்பு எழுதிய வருடத்து டைரிக்கு வந்தார். "'எஸ்தர் அக்கா வீட்டில் முதன்முறையாகத் தண்ணீர். காரணம் தெரியவில்லை.' அதுக்கு முந்தின வருஷம் இல்லியா சார்?"

"இல்லை மேடம். பொருளடக்கத்தில் இல்லை என்றால் இல்லை."

அவர் தன் அட்டையிலிருந்த பழைய வரைபடத்தைப் பார்த்தார். "எங்க மேப்புல உங்க வீட்டுப் பக்கம், வடக்கால, ஏற்கனவே ஒரு சாக்கடை காட்டுது. தெருமுனை வரைக்கும். அது என்னாச்சு?"

"அது பழைய சாக்கடை மேடம். உபயோகத்தில் இல்லை."

அவர் மறுபடி பொருளடக்கத்துக்குப் போனார். என்னைப் போன்றே ஒழுங்கான மனுஷி. விரலால் வரிசையாக இறங்கி 'ச'வில் நின்றார். சவரக் கத்தி. சன்னல் கொக்கி. சாக்கடை. 'சாக்கடை: காண்க, வாசல் சரிவு, பக்கம் 71.' (ஆமாம். 'காண்க' என்று வேறு போட்டிருந்தேன்.)

எழுபத்தோராம் பக்கத்தைப் பிரித்தார். அவர் படிப்பதற்குள்ளேயே அந்தப் பக்கம் எனக்கு நினைவு வந்துவிட்டது.

"'ஞாயிறு. வாசலில் வண்டி ஏற்றுவதற்கான சிமெண்ட் சரிவு வேலை முடிந்தது. நீளம் ஏழடி, அகலம் ஐந்தடி. இடையில் இருந்த பழைய சாக்கடையில் பட்டறை உடைசல் பதினோரு மூட்டை கொட்டி நிரப்பி, மேலே பூசப்பட்டது. மிகவும் உறுதியாக உள்ளது. யாரும் ஆட்சேபிக்கவில்லை.'"

எழுபத்தோராம் பக்கம் மே மாதம். எஸ்தர் அக்கா வீட்டில் முதல் தண்ணீர் நூற்று ஐம்பத்து நான்காம் பக்கம், நவம்பர். நடுவில் எண்பத்து மூன்று பக்கங்கள். ஐந்து வருடமாக இரண்டையும் நானே எழுதி, நானே அகர வரிசையில் அடுக்கி, நானே பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டு என்று ஒரு நாளும் தோன்றவில்லை. உலகத்துத் தொடர்பு அறுந்ததற்கெல்லாம் கணக்கு வைத்திருந்தவன்.

எல்லோரும் வெளியே போனோம். இன்ஜினியர் ஒரு கம்பியை வாங்கி என் சரிவுக்கு மேற்கே மண்ணைக் கிளறிப் பார்த்தார். சாக்கடை இருந்தது. கிழக்கே கிளறினார். அங்கேயும் இருந்தது. நடுவில் நான் இருந்தேன். மேற்கிலிருந்து வருகிற தண்ணீர் என் வாசலில் முட்டி, வேறு வழியில்லாமல் தெருவைக் கடந்து எதிர்வீட்டுப் பள்ளத்துக்குப் போயிருக்கிறது.

எஸ்தர் அக்கா தன் வாசலையும் என் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏன் தம்பி, அஞ்சு வருசமா மழைன்னா மொத ஆளா ஓடியாந்து மெஷின தூக்கி வச்சது நீங்கதான. தண்ணிய அனுப்பி வச்சதும் நீங்கதானா?"

அவர் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். கிழிந்த காலர் தைத்துக் கொடுத்த சட்டையைத்தான் நான் போட்டிருந்தேன். "தெரியலைக்கா" என்றேன். ஐந்து வருடமாக டைரியில் எழுதிய அதே பதில்.

கவுன்சிலர் தொண்டையைச் செருமினார். இன்ஜினியர் தன் அட்டையில் நான்கு வரி எழுதினார். "புதுச் சாக்கடையே வேணாம் சார். லிஸ்டு, எஸ்டிமேட் எதுவும் வேணாம். இருக்கறதத் தூர் வாரிக் குடுக்கச் சொல்றேன். உங்க சரிவ மட்டும் நீங்க எடுத்துடுங்க. டைரிய பத்திரமா வச்சுக்குங்க, ரொம்ப உபயோகமா இருந்துச்சு." நேரம் 12.10. நிரலில் 'கேள்விகள்' முடிந்திருக்க வேண்டிய நேரத்தைத் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது.

மாலை 6.10க்கு நெட் வந்தது. பூந்தொட்டிகள் இறங்கி முடித்து, புது முதுகுன்றம் திறந்தது. எங்கள் தெருவுக்குப் போனேன். மழையை விட்டேன். என் வீட்டைத் தேடிப் பார்த்தேன். மற்ற வீடுகளைப் போலவே ரோட்டோடு சமமாக, சுத்தமாக நின்றது. வாசல் சரிவு என்ற பொருளே அந்த விளையாட்டில் கிடையாது. இருந்திருந்தாலும் வைத்திருக்க மாட்டேன். மண் மூடிய பழைய சாக்கடையையும் நான் வரையவில்லை. அளந்து அளந்து கட்டிய ஊரில் என் தப்பை மட்டும் அளக்காமல் விட்டிருந்தேன். அன்றைக்கு மட்டும் நெட் இருந்திருந்தால், இன்ஜினியர் அந்த ஊரைப் பார்த்து ஒப்புக்கொண்டிருப்பார். எஸ்தர் அக்கா வீட்டு ஓரமாகத் தோண்டியிருப்பார்கள். என் சரிவு இன்றைக்கும் மிகவும் உறுதியாக இருந்திருக்கும்.

இதனால் அந்தக் கம்பெனி செய்தது சரி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தனியாக விளையாடுகிறவனின் ஊரைப் பூட்டி, சாவியைக் கடலுக்கு அப்பால் வைத்துக்கொள்வது தப்புதான். நான்கு பக்கக் கடிதத்தில் எழுதிய ஒரு வரியையும் நான் திரும்பப் பெறவில்லை.

சரிவை உடைக்க இரண்டு நாள் ஆனது. இந்த ஊரில் பள்ளம் எதுவானாலும் பீங்கான் உடைசலைக் கொட்டித்தான் நிரப்புவோம். ஆனால் அதைத் திரும்ப எடுத்தவர்கள் யாரும் இல்லை. முதல் நாள் கடப்பாரை வளைந்தது. இரண்டாம் நாள் மெஷின் கொண்டுவந்து குடைந்தார்கள். பதினோரு மூட்டை பீஸ் கட்டைகளும் வெள்ளை வெளேரென்று தெருவில் வந்து விழுந்தன. ராமலிங்கம் லீவு போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தான். ஒன்றைப் பொறுக்கித் துடைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம பட்டறை சரக்கு ஒழைக்குமான்னு இத்தன வருசமா ஒரு சந்தேகம் இருந்துச்சு. இன்னியோட தீந்துச்சு" என்றான். எஸ்தர் அக்கா வந்து, கனமாக இருந்த நான்கைத் தேர்ந்தெடுத்து எடுத்துக்கொண்டு போனார். இன்றைக்கும் துணி வெட்டும்போது நழுவாமலிருக்க அவற்றைத்தான் நான்கு மூலையிலும் வைக்கிறார். சட்டை தைக்கக் கொடுக்கப் போகிறபோதெல்லாம் அவை நான்கும் என்னைப் பார்க்கும்.

அந்த வருட ஐப்பசியில் பெருமழை பெய்தது. பழக்கதோஷத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன். அக்கா மெஷின்களை முன்கூட்டியே செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தார். என் மேல் இருந்த நம்பிக்கை அவ்வளவுதான். இருவரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் என் வீட்டு வாசல் வழியாக, வடக்குச் சாக்கடையில், சத்தம் போட்டுக்கொண்டு கிழக்கே போனது. தரை காய்ந்தே இருந்தது. கடைசியில் அக்கா எழுந்து, "சரி தம்பி, ஒரு கை புடிங்க, எறக்கிடலாம்" என்றார். நான்கு மெஷின்களையும் இறக்கினோம். அவர் ஒரு மெஷினில் உட்கார்ந்து பாதியில் நின்ற கால்சட்டையைத் தைக்க ஆரம்பித்தார். அன்றைய டைரியில் எழுதினேன்: 'எஸ்தர் அக்கா வீட்டில் தண்ணீர் இல்லை. காரணம் தெரியும்.'

புது முதுகுன்றம் இப்போது இல்லை. போன வருடம் அந்தக் கம்பெனி சர்வரையே நிறுத்திவிட்டது. இரண்டு வரி மின்னஞ்சலில் நன்றி சொல்லியிருந்தார்கள். கடைசியாக எடுத்த மக்கள் தொகை மட்டும் டைரியில் இருக்கிறது. பட்டா இல்லாதவன் புலம்பக்கூடாது என்று ராமலிங்கத்திடம் சொல்லாமலே இருந்துவிட்டேன். சரிவு இல்லாததால் தினமும் மாலை ஒரு பலகையைப் போட்டு, வண்டியைத் தள்ளி ஏற்றுகிறேன்.

வீட்டில் ஏதாவது வாக்குவாதம் வந்து, நான் குரலை உயர்த்தி, தப்பு யாருடையது என்று நிரூபிக்கக் கிளம்பினால், செல்வி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்பாள்: "டைரிய கொண்டாரட்டுமா?" யாழினி போனில் சொல்வாள்: "அம்மா, டைரிய கொண்டாங்க." போன பொங்கலுக்கு மிக்ஸி மூடி உடைந்த விவகாரத்தில், தைத்த சட்டையைக் கொடுக்க வந்த எஸ்தர் அக்காகூட வாசலில் நின்றபடியே, "எதுக்கு வீண் பேச்சு, தம்பிதான் எழுதி வச்சிருக்குமே" என்றார். உண்மையில் அந்த மூடியை உடைத்தது நான்தான். பக்கம் 7.

டைரி இன்னமும் தினமும் எழுதுகிறேன். பொருளடக்கம் மட்டும் போடுவதில்லை.